முதல் எழுத்து மட்டும்

என் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று என் தங்கைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இந்த ஒன்றை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். அவள் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மூளையைப் பற்றி ஆராய்கிறவள். அதிலும், பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கிற வயதில் ஹார்மோன் குறையும்போது மூளைக்குள் என்ன மாறுகிறது என்பதுதான் அவள் வேலை. நான் அந்த வயதில் இருக்கிறேன். அவள் நடத்துகிற பாடமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு இப்படியா பங்கு பிரிப்பார்கள்?

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை, அதுதான் பெரிய கொடுமை. பிளஸ் டூ உயிரியலில் அவளைவிட நான்தான் அதிக மதிப்பெண். மதுரையில் விலங்கியல் படிக்க இடம் கிடைத்தது. அப்பா புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்து ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டார். பதினோரு நாள் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் பெட்டியோடு விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டேன். ஹாஸ்டல் சாம்பார் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் அழுகை நிற்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு வருஷம் கழித்து அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் தங்கை போனாள், போனவள் படித்துக்கொண்டே போனாள். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாராவது எதையாவது பாதியில் விட்டால், "இவளும் பதினோரு நாளா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

பெட்டியோடு திரும்பிய நான் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம், பிள்ளைகள் என்று நடுவில் சில வருஷம் விட்டது போக, இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தினமும் விருதுநகரில் பஸ் ஏறி, திருத்தங்கல் தாண்டி இறங்குவேன். காலண்டர் புரூஃபை அங்கே இரண்டு பேராகத்தான் பார்ப்பார்கள். ஒருத்தர் பஞ்சாங்கக் குறிப்பை வாய்விட்டு வாசிப்பார், இன்னொருத்தர் அச்சுத்தாளில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போவார். நான் மட்டும் தனியாகப் பார்ப்பேன். எனக்கு வாசிப்பு தேவைப்பட்டதில்லை. அடுத்த வருஷத்து அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, முகூர்த்த நாள் எல்லாம், ஆடி மாதம் கடைக்காரர்களுக்குக் காட்டுகிற மாதிரி ஆல்பம் போடுவதற்குள் என் தலையில் ஏறிவிடும். பக்கத்து கம்பெனிக்காரர்கள்கூட போன் போட்டு, "அக்கா, ஆவணில கடைசி முகூர்த்தம் என்னைக்கு?" என்று கேட்பார்கள். ஆராய்ச்சிக்கூடம் அவளுக்கு இருக்கட்டும், எனக்கு இந்த நாற்காலி இருக்கிறது என்று இத்தனை வருஷம் மனசைத் தேற்றி வைத்திருந்தேன்.

போன வருஷத்திலிருந்து அந்த நாற்காலியிலேயே எனக்கு வேர்க்க ஆரம்பித்தது. நெஞ்சிலிருந்து காது வரைக்கும் குப்பென்று சூடு ஏறும், ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சொற்கள் காணாமல்போனதுதான் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் டிசைன் செக்‌ஷன் பையனிடம், "அந்த நிலா தேயுமே, வளர்றதுக்கு எதிர்ல, அதை இங்க போடணும்" என்றேன். தேய்பிறை என்ற சொல் வரவில்லை. நாளைக்கு நாற்பது தடவை எழுதுகிற சொல். அவன் சிரித்துவிட்டுப் போனான். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தேய்பிறை, தேய்பிறை என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன்.

வேறு சொல் போயிருந்தால் மறைத்திருப்பேன். நான் தவறவிட்டது பங்குனிப் பொங்கலை. விருதுநகர் பருப்புக் கடை ஒன்றுக்குப் போட்ட ஆர்டர் அது. எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் காலண்டர் அடித்தால், தீபாவளியை விட்டாலும் மன்னிப்பார்கள், பங்குனிப் பொங்கலைச் சிவப்பில் போடாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். ஊரே கூடுகிற திருவிழா. வெளியூருக்குப் பிழைக்கப் போனவன்கூட அந்தத் தேதியைப் பார்த்துத்தான் லீவு சொல்வான். நானும் என் பங்குக்கு ஒன்பது வருஷம் அக்கினிச் சட்டி எடுத்தவள். அந்தத் தாளில் ஏப்ரல் மாதம் வெறும் கறுப்பாக இருந்தது, அடியில் என் கையெழுத்து இருந்தது. மிஷினில் தாள் ஓட ஆரம்பித்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது, எம். புதுப்பட்டி ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் முன்னால் வேலைக்குச் சேர்ந்த பெண்.

"அக்கா, தப்பா நினைச்சுக்கிறாதீக. பங்குனிப் பொங்கல் எங்கன போட்டிருக்கீக? எனக்குக் கண்ணுல படல" என்று பணிவாகத்தான் கேட்டாள். அந்தப் பணிவுதான் எனக்கு ஆகவில்லை. இருபத்தாறு வயசு. நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை கிடையாது.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "திங்கக்கிழமை வரைக்கும் யோசிங்க. அந்தப் பிள்ளை வாசிக்கட்டும், நீங்க பாருங்க. உங்க நாற்காலி உங்களுக்குத்தான். இல்ல, தனியாத்தான் பாப்பேன்னு சொன்னீகன்னா, இன்னொரு தப்பு வந்தா எனக்கு வேற வழியில்ல" என்றார். நான் வெளியே வந்தபோது என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டிருந்தார்கள். அதன் மேல் என் கைப்பையை வைத்தேன்.

இந்த லட்சணத்தில்தான் அந்த வெள்ளிக்கிழமை என் தங்கை வந்து இறங்கினாள். சனிக்கிழமை காலை விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவள் பேச வேண்டும். தமிழில் பேசச் சொல்லியிருந்தார்களாம். சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பை என் முன்னால் வைத்து, "அக்கா, என் தமிழு நாறிப் போச்சு. புரூஃப் பாத்துக் குடு" என்றாள். கம்பெனியில் நடந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே 'ற' வர வேண்டிய இரண்டு இடத்தில் 'ர' இருந்தது. எனக்கு ஒரு டம்ளர் மோர் குடித்த மாதிரி இருந்தது.

அடுத்த பக்கங்களைப் படிக்கப் படிக்க மோர் புளித்தது. மூளையில் சேதி கடத்துகிற நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிக் கிளியல் அணுக்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. ரொம்ப காலம் அவற்றை வெறும் பசை என்றுதான் நினைத்திருந்தார்களாம், பேரே பசை என்ற பொருளில்தான் வைத்தார்களாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு வகை நரம்பணுக்களுக்கு ஊட்டிவிடுகிறது, அதன் பேர் ஆஸ்ட்ரோசைட். இன்னொரு வகை குப்பையைப் பொறுக்கிக் காவல் காக்கிறது, அதன் பேர் மைக்ரோக்ளியா. பெண்ணுடம்பின் ஈஸ்ட்ரோஜன் இந்த இரண்டையும் தொட்டுப் பேசுகிறது. ஆணின் டெஸ்டோஸ்டிரோனும் தன் பங்குக்குப் பேசுகிறது, பிறப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுகிறது. நாற்பத்தைந்து, ஐம்பதில் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கி, பிறகு ஒரேயடியாகக் குறையும்போது, ஊட்டுகிற அணு சரியாக ஊட்டாமல் தடுமாறலாம், காவல்கார அணு எதற்கெடுத்தாலும் எரிந்து விழலாம். சொல் மறப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எலிகளில் பார்த்தது நிறைய, மனிதரில் தெரிந்தது கொஞ்சம்தான் என்று நேர்மையாக எழுதியிருந்தாள்.

என் ஒரு வருஷத்தை, கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் நான் பத்துத் தடவை சொல்லிப் பார்த்ததை, இவள் படம் போட்டு அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், 'இது சரியாகிவிடுமா?' என்று. கேட்கவில்லை. பதினோரு நாளில் ஓடி வந்தவள் கேட்கிற கேள்வியாக அது இருக்கும் என்று தோன்றியது. "ஒற்று ரெம்ப விட்டிருக்க" என்று மட்டும் சொல்லி லேப்டாப்பை மூடினேன்.

மறுநாள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். அரங்கம் நிறையப் பெண் பிள்ளைகள். பாதிப் பேர் நாரணாபுரம், மல்லாங்கிணறு பக்கமிருந்து கல்லூரிப் பஸ்ஸில் வருகிறவர்கள். என் தங்கை நீலப் பருத்திச் சேலை கட்டியிருந்தாள், கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. பேச ஆரம்பித்தாள் பாருங்கள், பிள்ளைகள் ஒருத்தி போனைத் தொடவில்லை. கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. பட்டது என் கண்ணாகத்தான் இருக்கும்.

"எங்கம்மா நாரணாபுரத்துல பட்டாசுக் கம்பெனில கூட்டுற வேலை பாத்தாங்க" என்றாள். அரங்கம் அப்படியே முன்னால் சாய்ந்தது. "தரையில சிந்துன மருந்தை மெல்லமாக் கூட்டணும். கோவத்துல உரசிக் கூட்டினா, கூட்டுறவங்களே தீயைக் கொண்டுவந்துருவாங்க. மூளைக்குள்ளயும் அப்படிக் கூட்டுற அணுக்கள் இருக்கு. மெல்லக் கூட்டுன்னு அதுங்ககிட்ட சொல்றதுல ஈஸ்ட்ரோஜனும் ஒண்ணு. அந்தக் குரல் குறையும்போது..."

கைதட்டினார்கள். எனக்குக் காதில் புகை வந்தது. அம்மா கூட்டியதை இவள் எங்கே பார்த்தாள்? மத்தியானம் தூக்குச்சட்டியைக் கம்பெனி கேட் வரைக்கும் கொண்டுபோனவள் நான். விளக்குமாற்றை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அம்மா செய்து காட்டியது என்னிடம். கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தபோது பக்கத்தில் இருந்ததும் நான்தான். எல்லாம் போக, அம்மாவையும் எடுத்துக்கொண்டாளே என்று பல்லைக் கடித்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. "அந்தக் கூட்டுற அணுவோட பேரு..." என்றாள், நின்றாள். திரையில் அடுத்த படம் ஏற்கெனவே வந்துவிட்டது, அதில் அந்தப் பேர் இல்லை. "அதோட பேரு..." என்று மறுபடியும் சொன்னாள். அவள் முகத்தை எனக்குத் தெரியும். கழிப்பறைக் கண்ணாடியில் நான் பார்த்த முகம். தன் வாழ்க்கை முழுக்க ஆராய்கிற அணுவின் பேர் அவளுக்கு வரவில்லை. அவள் கண் வரிசை வரிசையாக ஓடி, மூன்றாவது வரிசையில் வந்து என் மேல் நின்றது.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பள்ளிக்கூட நாளில் பரீட்சைக்கு ஒருத்தி ஒப்பிப்பாள், மற்றவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பாள். மறந்துபோனால் விடையைச் சொல்லக் கூடாது. முதல் எழுத்தை மட்டும் கொடுக்கலாம். ஓர் எழுத்து கிடைத்தால் போதும், மிச்சம் தானாக வந்துவிடும். அவள் என்னைப் பார்த்தது அதற்குத்தான்.

மைக்ரோக்ளியா. என் நாக்கு நுனியில் இருந்தது. முந்தின நாள்தான் அந்தச் சொல்லுக்கு நான் ஓர் ஒற்று போட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு வருஷமாகச் சொல்லைத் தொலைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அன்றைக்குப் பார்த்து ஒரு சொல் அம்புட்டுத் தெளிவாக இருந்தது. 'மை' என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. வாயை இறுக்கிக்கொண்டேன். நிற்கட்டும், எப்படி இருக்கிறது என்று அவளும் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். மறந்துபோய்ச் சும்மா இருக்கவில்லை, வேண்டுமென்றே இருந்தேன். எத்தனை விநாடி என்று தெரியாது. முன்வரிசையில் ஒரு பேராசிரியர் இருமினார்.

"மைக்ரோக்ளியா" என்றாள் திடீரென்று. "பாத்தீங்களா, என் மூளையிலயே வேலை நிறுத்தம்" என்று சிரித்தாள். அரங்கமே சிரித்துக் கைதட்டியது. விழுந்த இடத்திலும் அவளுக்குக் கைதட்டல்தான். நான் தட்டினேனா என்று நினைவில்லை.

கூட்டம் முடிந்து, அவள் ஆசைப்பட்டாளே என்று எண்ணெய் பரோட்டா சாப்பிடக் கடைக்குப் போனோம். இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, "நல்லவேளைக்கா. நீ மட்டும் 'ம'ன்னு வாயைக் காட்டலேன்னா இன்னைக்கு மானம் போயிருக்கும்" என்றாள்.

எடுத்த பரோட்டாத் துண்டைத் திரும்ப இலையிலேயே வைத்தேன். நான் சொல்லக் கூடாதென்று உதட்டை அழுத்தி மூடியிருக்கிறேன். அது அவளுக்கு 'ம' மாதிரித் தெரிந்திருக்கிறது.

அவள் குனிந்துகொண்டே பேசினாள். "ரெண்டு வருஷமாவே இப்படித்தான். லேப்ல பிள்ளைக எனக்குத் தெரியாம ஒண்ணுக்கொண்ணு பாத்துக்கிடுது. வேற ஊர்ல பேசினா எல்லாத்தையும் தாள்ல எழுதி எடுத்துட்டுத்தான் போவேன். இங்கன மட்டும்தான் தாள் எடுக்கல. நீ முன்னால உக்காந்திருப்பேல்ல."

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அவளுக்கும் போகிறது என்ற சந்தோஷம். அதை மறைத்து எழுத முடியாது. அதற்குப் பின்னால்தான் அந்தக் கடைசி வாக்கியம் உள்ளே இறங்கியது. தாள் எடுக்காமல் வந்தது பெருமைக்கு என்று நான் நினைத்திருந்தேன்.

"இது சரியாயிருமா?" என்று கேட்டேன். ஒரு வருஷக் கேள்வி, சால்னாவைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"முக்காவாசிப் பேருக்குக் கொஞ்ச நாள்ல அடங்கிரும்க்கா. மூளை புது நிலவரத்துக்குப் பழகிக்கிடும். ஏன், உனக்கும் இருக்கா?"

"லேசா" என்றேன். நாற்காலியைப் பற்றிச் சொல்லவில்லை. உதட்டைப் பற்றியும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில் ஏற்றிவிடும்போது என் கையைப் பிடித்து, "தேங்க்ஸ்க்கா" என்று இன்னொரு தடவை சொன்னாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். பக்கத்து நாற்காலி அப்படியே இருந்தது. பருப்புக் கடையின் ஏப்ரல் தாள் புது புரூஃபாக மேஜை மேல் வந்திருந்தது. புதுப்பட்டிப் பெண் என்னைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தாள். மேனேஜர் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். என்னால் ஒரு வரிகூடப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்துக்கொண்டு பேப்பர் லோடு இறக்குகிற இடத்துக்கு வந்து தங்கைக்குப் போட்டேன்.

"அன்னைக்கு நான் எழுத்து குடுக்கல" என்றேன். "எனக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்லல. சொல்லிறக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதான் உனக்கு 'ம' மாதிரி தெரிஞ்சிருக்கு."

லாரிக்காரரைப் பின்னால் வரச் சொல்லி யாரோ விசில் அடித்தார்கள்.

"தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"சின்னப் பிள்ளைலயே நீ அப்படித்தான். உனக்கு எம்மேல கடுப்பு இருந்தா எழுத்து தர மாட்ட, உதட்டை இறுக்கிக்குவ. அதை வச்சே பாதி விடையக் கண்டுபிடிச்சிருவேன். ம, ப வந்தாத்தான் அப்படி இறுக்குவ. சொல்லு வாசல் வரைக்கும் வந்து நிக்கும்ல."

"அப்புறம் எதுக்கு தேங்க்ஸ் சொன்ன?"

"எப்படிக் குடுத்தா என்ன, எழுத்து கிடைச்சிச்சில்ல" என்றாள். "ஆனா அடுத்த தடவ வாயத் தொறந்து சொல்லிரு அக்கா. அம்புட்டுத் தூரத்துல உதடு பாக்க இப்ப எனக்குக் கண்ணும் பத்தல" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முப்பது வருஷமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த பொறாமையை அவள் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறாள், அதைக் கொண்டு பரீட்சைகூட எழுதியிருக்கிறாள். பொறாமை அதனால் போய்விடவில்லை. அவள் அவ்வளவு பெருந்தன்மையாகப் பேசியதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

என் கைப்பையைப் பக்கத்து நாற்காலியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன். "ஏ பிள்ள, இங்கன வந்து உக்காரு. நீ வாசி, நான் பாக்கேன்" என்றேன். அவள் ஓடி வந்து உட்கார்ந்து, பஞ்சாங்கக் குறிப்பை எடுத்து ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். நல்ல குரல், எழுத்து எழுத்தாகத் தெளிவான குரல். அதற்கும் எனக்கு லேசாக எரிந்தது. விரல் வைத்துக்கொண்டே போனேன். பங்குனிப் பொங்கல் சிவப்பில் இருந்தது. அவள் வாசிப்பு வந்து சேர்வதற்குள் என் விரல் அடுத்த வரிக்குப் போய்விட்டது, அதில் ஒரு சொல் அச்சில் விடுபட்டிருந்தது. ஏதோ இல்லை என்று தெரிகிறது, என்ன இல்லை என்று வரவில்லை. நெஞ்சிலிருந்து காது வரைக்கும் சூடு ஏறியது. மேனேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் உதடு தானாக இறுகுவது எனக்கே தெரிந்தது.

வாயைத் திறந்தேன். "எனக்கு மறந்துபோச்சும்மா" என்றேன். "முதல் எழுத்து மட்டும் சொல்லு."